பாறையேறப் போகும் பிள்ளைக்குக் கட்டுச்சோறு

அன்புள்ள சகோதரிக்கு,

பாலவாக்கத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கல்லூரியில் படிக்கும் உங்கள் மகன் நண்பர்களோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சிப் பக்கம் பாறையேறப் போகிறார். விடிவதற்கு முன்பே கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புகிறார். நீங்கள் ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் எலுமிச்சைச் சாதமும் தேங்காய்த் துவையலும் பாதிக்குமேல் அப்படியே வந்துவிடுகின்றன. பிள்ளையோ தலைவலியோடு வந்து சுருண்டு படுத்துக்கொள்கிறார். 'நான் என்னதான் கட்டிக்கொடுப்பது?' என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கவலை உங்கள் ஒருவருடையது மட்டுமல்ல. கயிறும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் கிளம்பும் வீடுகள் சென்னையில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் உங்களுக்கான பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சமையலில் எந்தக் குறையும் இல்லை. காலை மூன்றரைக்குக் கட்டிய சோறு, பகல் ஒரு மணிக்கு, அனலாய்க் கொதிக்கும் கருங்கல் ஓரத்தில் திறக்கப்படுகிறது. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கட்டுச்சோற்றில் 'என்ன' என்ற கேள்விக்கு முன்னால் 'எத்தனை மணிக்கு' என்ற கேள்வி வர வேண்டும். நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும்: நேரம் போகப்போகச் சாப்பாட்டில் ஈரம் குறைந்துகொண்டே வர வேண்டும். ஈரமானது விடியற்காலையில், புளிப்பும் எண்ணெயும் உள்ளது முற்பகலில், முழுக்க உலர்ந்தது பிற்பகலில்.

தம்பி போகும் செஞ்சியே இதற்குச் சாட்சி. மராத்தியர் வசமிருந்த அந்தக் கோட்டையை முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள். உள்ளே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கோட்டைக் குன்றுகளில் ஒன்றான ராஜகிரியின் அடிவாரத்தில் தடித்த சுவர்களோடும் வளைந்த கூரையோடும் தானியக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. எதிரே உள்ள கிருஷ்ணகிரிக் குன்றின் மேலும் கல்லால் கட்டிய களஞ்சியங்களும் எண்ணெய் சேமித்த தொட்டியும் இருக்கின்றன. பாறைமேல் ஏற்றி வைத்தது தானியமும் எண்ணெயும்தான். தண்ணீருக்குச் சுனையும் குளங்களும் இருந்தன. உலர்ந்ததைச் சேர்த்துவைத்து, வேண்டும்போது நனைத்துச் சமைத்துக்கொண்டார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். கோட்டைக்குள் இருக்கும் பாறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. தம்பியும் நண்பர்களும் ஏறுவது கோட்டைக்கு வெளியே உள்ள குன்றுகளில்தான் என்பதை ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சோறு ஏன் கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரணம் தெரிந்தால் பட்டியலே தேவைப்படாது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு வேகும் சூட்டிலும் அவை சாவதில்லை. சோறு ஆறி வெதுவெதுப்பாக வந்ததும் முளைத்துப் பெருகுகின்றன. நம் ஊர் வெயிலின் சூடு அவற்றுக்கு மிகவும் பிடித்த சூடு. அவை உண்டாக்கும் நச்சுகளில் வாந்தி எடுக்கவைக்கும் ஒன்று, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. ஆகவே வெறும் சோறு, சாம்பார் சாதம், காய் போட்ட சாதம் எதுவானாலும் வெளியில் நாலு மணி நேரத்துக்குமேல் கிடந்தால் நம்பாதீர்கள். தேங்காய் அதைவிடச் சீக்கிரம் ஊசிப்போகும். வெங்காயம் போட்ட எதுவும் அப்படித்தான். எலுமிச்சைச் சாதத்தில் புளிப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். பிழிந்த சாறு கொஞ்சம், சோறு நிறைய. ஒவ்வொரு பருக்கையிலும் போதுமான புளிப்பு ஏறுவதில்லை.

புளியோதரை வேறு. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்டவைக்கிறோம். தண்ணீர் போய்விடுகிறது, புளிப்பு திரண்டு நிற்கிறது. அந்தப் புளிப்பில் பாக்டீரியா பெருகுவது கடினம். கோயில் பிரசாதமாகவும் யாத்திரைச் சோறாகவும் புளியோதரை நிலைத்தது ருசிக்காக மட்டுமில்லை. ஆனால் செய்யும் முறையில் ஒரு கண்டிப்பு வேண்டும். சோற்றை உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பி, நல்லெண்ணெய் ஊற்றி, விசிறிக்கடியில் முழுக்க ஆறவிடுங்கள். ஆறிய பிறகே காய்ச்சலைச் சேர்த்துப் பிசறுங்கள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக. சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் முட்டி, துளித்துளியாகச் சோற்றின்மேலேயே சொட்டும். அந்த நீரில்தான் கெடுதல் தொடங்கும். வாழையிலையை அடுப்புத் தணலில் இருபுறமும் காட்டுங்கள். பச்சை நிறம் கருத்து, இலை துணிபோலத் துவளும், மடித்தால் கிழியாது. நடு நரம்பைக் கத்தியால் சீவிவிட்டு, சோற்றை நடுவில் வைத்து நான்கு பக்கமும் மடித்து, அந்தப் பொட்டலத்தைச் சம்புடத்துக்குள் வையுங்கள். பதினொன்றரை மணிக்குள் சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள். பிற்பகலுக்கு அதையும் நீட்டிக்க வேண்டாம்.

தயிர்சாதத்தை விட மனம் வராது, தெரியும். சோற்றைக் குழைய வடித்து, பால் நிறையவும் தயிர் ஒரு கரண்டியும் ஊற்றிக் கட்டினால் பயணத்திலேயே தோயும். அதைக் காலை எட்டு மணிக்குள் முடிக்க வேண்டிய சாப்பாடாக மட்டும் வையுங்கள். மாதுளை, திராட்சை எதுவும் போடாதீர்கள்.

இப்போது கைகளுக்கு வருகிறேன். சமையலறையில் இருக்கும் நமக்கு இது சட்டென்று தோன்றாது. பாறையில் ஏறுபவருக்கு விரல் நுனிதான் எல்லாம். கருங்கல்லில் ஒரு விரற்கடை அகலமுள்ள விளிம்பை நாலு விரலால் பற்றிக்கொண்டு உடம்பு எடையைத் தாங்க வேண்டியிருக்கும். வியர்வையில் வழுக்காமல் இருக்க இடுப்பில் ஒரு சின்னப் பையில் வெள்ளைத்தூள் கட்டிக்கொண்டு போவார்கள். 'சாக்' என்று அவர்கள் சொல்வது மெக்னீசியம் கார்பனேட். அந்த விரல்களால் நல்லெண்ணெய் சொட்டும் பொடி இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பாறையைத் தொட்டால் என்ன ஆகும்? எண்ணெயில் தூள் குழைந்து பசையாகும். பிடி நழுவும். அவர் பிடித்த இடத்தில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், அடுத்து ஏறுகிறவருக்கும் வழுக்கும். கை கழுவலாம் என்றால், முதுகில் தூக்கிக்கொண்டு போன குடிதண்ணீரைத்தான் அதற்கும் செலவழிக்க வேண்டும்.

அதனால் ஒரு ஸ்பூன் கட்டாயம் போட்டு அனுப்புங்கள். இட்லியைச் சின்னதாக ஊற்றி, பொடியும் எண்ணெயும் புரட்டி, ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடும்படி வையுங்கள். சப்பாத்தி என்றால் எண்ணெய் தடவாமல் சுட்டு, உள்ளே தக்காளித் தொக்கோ, வேர்க்கடலைப் பொடியும் வெல்லமுமோ தடவிச் சுருட்டுங்கள். ஒவ்வொரு சுருளின் கீழ்ப்பாதியையும் இலையில் சுற்றிவிட்டால் இலையைப் பிடித்துக்கொண்டே கடிக்கலாம், விரல் உணவில் படாது. உருண்டைகள், மிட்டாய், பேரீச்சை எல்லாம் ஒரு வாய்க்கு ஏற்ற அளவில் இருந்தால் டப்பாவைச் சாய்த்து வாயில் போட்டுக்கொள்ளலாம்.

வயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹார்னஸ் என்று சொல்கிறார்களே, அந்த இடுப்புவார் இடுப்பெலும்புக்கு மேலே, வயிற்றைச் சுற்றி இறுக்கமாகப் பூட்டப்படும். கை நழுவினால் முழு எடையும் அதில் தொங்கும். வயிறு முட்டச் சாப்பிட்டவரால் அந்த இறுக்கத்தைத் தாங்க முடியாது. அதனால்தான் தம்பி உங்கள் சாதத்தைப் பாதியில் வைத்துவிடுகிறார் என்று நினைக்கிறேன். பாறையேறுகிறவரின் நாள் ஓட்டக்காரரின் நாள்போல் இருக்காது. சில நிமிடங்கள் முழு பலத்தோடு ஏற்றம், பிறகு அரைமணி, ஒருமணி நேரம் கீழே நின்று கூட்டாளிக்குக் கயிறு பிடிப்பது, மறுபடி ஏற்றம். முன்கை தசைகளில் சேர்ந்திருக்கும் சர்க்கரை ஒவ்வொரு ஏற்றத்திலும் கரைகிறது. அந்த இடைவெளிகளில் இரண்டு வாய் போட்டுக்கொண்டால் நாள் முழுக்க ஓடும். ஒரே வேளையில் பெரிய சாப்பாடு வேண்டாம், நாள் முழுக்கக் கொறிப்பு வேண்டும். கயிறு பிடிக்கும்போது மட்டும் எதுவும் சாப்பிடக்கூடாது. அப்போது இரண்டு கையும் கவனமும் மேலே இருப்பவருக்குச் சொந்தம்.

கொறிக்க நம் கடைகளில் இல்லாததா? கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. வேர்க்கடலையில் நூறு கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதமும் அதைப்போல இரண்டு மடங்கு கொழுப்பும் உண்டு. அதோடு சேரும் வெல்லம் உடனே வேலை செய்யும், கடலை மெதுவாக வேலை செய்யும். நண்பர்கள் தின்னும் எனர்ஜி பார் வேண்டும் என்று தம்பி கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வாங்கிக்கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் அதே வேலையைச் செய்யும், சாக்லேட் பூசிய பார்போல வெயிலில் உருகவும் உருகாது. நண்பர்களில் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று மட்டும் விசாரித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தக் கூட்டத்தில் எல்லோரும் எல்லோருடைய டப்பாவிலும் கைவைப்பார்கள்.

என்னைக் கேட்டால் முதலிடம் பொரிவிளங்காய் உருண்டைக்குத்தான். வறுத்த அரிசி, வறுத்த பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை எல்லாம் அரைத்து, சுக்கும் ஏலமும் சேர்த்து, முற்றிய வெல்லப்பாகில் பிடிப்பது. துளி ஈரம் கிடையாது. வாரக்கணக்கில் இருக்கும். கல்லாட்டம் இருக்கிறதே, கடிக்க முடியவில்லையே என்றுதான் பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். நெல்லிக்காய் அளவில் சின்னதாகப் பிடித்துக்கொடுங்கள். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மெல்ல மெல்லக் கரையவிடலாம். இந்தக் காலத்து ஏறுபவர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டது எனக்கு வருத்தம்தான். பாட்டிகளிடம் பக்குவம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய பண்டம் இது.

வாழைப்பழம் நல்லதுதான், ஆனால் பையில் போட்டால் நசுங்கும். ரஸ்தாளியும் பச்சைப்பழமும் செஞ்சி போய்ச் சேருவதற்குள் கூழாகிவிடும். நேந்திரம் கெட்டியான தோலோடு தாக்குப்பிடிக்கும். எதுவானாலும் துணிப்பையில் தனியாகப் போட்டு மேலாக வையுங்கள், வண்டியிலேயே ஒன்றைச் சாப்பிட்டுவிடட்டும்.

பிற்பகல் மூன்று மணிச் சாப்பாடு உங்களைத்தான் பெரிதும் குழப்புகிறது. வெயில் தணிந்து, பாறை மறுபடி கையில் பிடிக்கும் சூட்டுக்கு வரும் நேரம். அன்றைக்கு இரண்டாம் சுற்று ஏற்றம் அப்போதுதான் தொடங்கும். காலையில் சமைத்த எதுவும் அந்நேரத்துக்கு லாயக்கில்லை. அதற்கு அவல் கொடுங்கள். உலர்ந்த அவல் ஒரு டப்பாவில், பொடித்த வெல்லமும் உடைத்த வேர்க்கடலையும் துளி உப்பும் ஒரு பொட்டலத்தில். அங்கே நிழலில் உட்கார்ந்து, அவலில் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் மூடிவைத்தால் மெல்லிய அவல் பூவாக ஊறிவிடும். சிவப்பு அவல் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். இனிப்பு வேண்டாம் என்றால் அரை மூடி எலுமிச்சையும் உப்பும் மிளகுப்பொடியும். சமைத்ததிலிருந்து மணிக்கணக்கு ஓடுவதே இல்லை, நனைக்கும் நிமிடத்தில்தான் அது உணவாகிறது. குசேலர் கண்ணனைப் பார்க்க அவல் முடிந்துகொண்டு போனார். சபரிமலை இருமுடியிலும் அவலும் பொரியும் இருக்கின்றன. நீண்ட நடைக்கு எது தாங்கும் என்பதை நம்மவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். வடகர்நாடகத்தில் பாதாமிக்குப் பாறையேறப் போகிறவர்கள் அங்கே மொறுமொறுவென்று உலர்த்திய சோளரொட்டியும் வேர்க்கடலைச் சட்னிப்பொடியும் பார்க்கலாம். அதே வழிதான், தானியம் மட்டும் வேறு.

அடுத்து தண்ணீர். தலைவலிக்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். வெயிலில் உழைக்கும் உடம்பிலிருந்து மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டருக்குமேல்கூட வியர்வை போகும். ஒரு லிட்டர் வியர்வையோடு சுமார் ஒரு கிராம் சோடியம் வெளியேறுகிறது, அதாவது ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி உப்பு. ஆளுக்கு ஆள் இது மாறும். சட்டையில் வெள்ளைக் கோடு பூத்துக் காய்ந்திருந்தால் தம்பி அதிகம் உப்பு இழக்கிறவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தாகத்துக்கு வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே இருந்தால், போன உப்பு திரும்பாது. தலைவலியும் குமட்டலும் அதனாலும் வரும்.

பாலவாக்கத்தில் இருக்கிறோம், ஈ.சி.ஆர். ஓரமெல்லாம் இளநீர்க்கடை, அதையே பாட்டிலில் ஊற்றி அனுப்பலாமே என்று நீங்கள் கேட்டதில் பாதி சரி. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் முக்கியமாகப் போவதோ சோடியம். அதோடு, வெட்டிய இளநீர் வெயிலில் சீக்கிரம் புளித்துப்போகும். திரும்பி வந்ததும் வெட்டிக் கொடுங்கள், அருமையாக இருக்கும். மலைக்கு வேண்டாம்.

மலைக்குப் பானகம். ஸ்ரீராமநவமிக்குக் கரைப்போமே, அதேதான். விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கும் பானங்களில் பொதுவாக நூற்றுக்கு ஆறு பங்கு சர்க்கரை இருக்கும். குடல் அதைத் தடங்கலின்றி உறிஞ்சும் என்பதால் அந்த அளவு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் வெல்லம் போட்டால் நம் பானகமும் அதே கணக்குக்கு வந்துவிடும். அதில் கால் முதல் அரைத் தேக்கரண்டி உப்பு, சுக்குப்பொடி, ஏலம். இதையும் வீட்டில் கரைத்து அனுப்பாதீர்கள், வெயிலில் புளித்து நுரைக்கும். வெல்லத்தூள், உப்பு, சுக்கு எல்லாவற்றையும் கலந்து ஒரு லிட்டருக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பொட்டலம் கட்டுங்கள், கூடவே முழு எலுமிச்சை இரண்டு. குடிக்கும்போது பாட்டிலில் கொட்டிக் குலுக்கிப் பிழிந்துகொள்ளட்டும். நீர்மோர் வேண்டுமானால் காலை ஒன்பது மணி வரைக்கும் சரி.

தண்ணீர் நாலு லிட்டருக்குக் குறையக்கூடாது. மார்கழி, தையிலும்கூட. நாலு கிலோ சுமைதான், ஆனால் அதில் குறைத்துக்கொள்ள இடமில்லை. குடிப்பது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு மிடறாக இருக்கட்டும். கூடவே ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டதாகப் பார்த்து மருந்துக்கடையில் வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் பழரசம்போல விற்பதை அதற்குப் பதிலாக நினைக்க வேண்டாம். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். கண்ணளவில் பாதிபாதியாகப் பிரித்தால் கலவை தப்பாகிவிடும்.

குடிப்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு எவரெஸ்டின் கதையும் ஒரு காரணம். 1952 மே மாதம் சுவிஸ் குழுவின் லாம்பெர்ட்டும் நம் டென்சிங்கும் உச்சிக்கு அருகே கடைசிக் கூடாரத்தில் தங்கினார்கள். அடுப்பு கொண்டுபோகவில்லை. காலி டின்னில் பனிக்கட்டியைப் போட்டு மெழுகுவத்திச் சுடரில் உருக்கித் தொண்டையை நனைத்துக்கொண்டார்கள். மறுநாள் உச்சியை எட்ட முடியாமல் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் குழுவோடு போன உடலியல் அறிஞர் கிரிஃபித் ப்யூ, நாளுக்கு மூன்று லிட்டராவது குடித்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அதற்குத் தேவையான அடுப்பும் எரிபொருளும் மேலே போயின. 1953 மே 29 விடியலில் டென்சிங்கும் ஹிலாரியும் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கரைத்த நீரை வயிறாரக் குடித்தார்கள். பிஸ்கட்டில் மத்தி மீன் வைத்துச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் உச்சிக்குக் கிளம்பினார்கள். எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர்: நம் பானகத்துக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது, இல்லையா?

அன்றைய நாளை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். விடியற்காலை மூன்றரைக்கு எழுப்பும்போது எதுவும் இறங்காது. முந்தைய நாள் சோற்றில் நீரூற்றி வைத்த பழையதில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து ஒரு சொம்பு கொடுங்கள். மென்று சாப்பிட வேண்டியதில்லை, தண்ணீரும் உப்பும் மாவுச்சத்தும் ஒன்றாக உள்ளே போய்விடும். சோழிங்கநல்லூர் வழியாகப் போய் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, திண்டிவனத்தில் வலப்பக்கம் திரும்பிச் செஞ்சி போய்ச் சேர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். வழியில் ஓட்டலில் நிறுத்திப் பூரியும் பொங்கலும் சாப்பிடுவது பிள்ளைகளுக்கு வழக்கமாம். அந்த எண்ணெயும் நெய்யும் ஏறும் நேரத்தில் நெஞ்சிலேயே நிற்கும். பாறையடிக்குப் போய் இட்லியைச் சாப்பிடட்டும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏறட்டும். காரத்தையும் குறைத்தே செய்யுங்கள். குன்றடியில் கழிப்பறை இருக்காது.

செஞ்சியில் குரங்குகளை மறந்துவிடக் கூடாது. பாலித்தீன் கவர் சரசரக்கும் சத்தம் கேட்டாலே வந்துவிடும். கையில் பொட்டலத்தோடு நின்றால் பிடுங்கிக்கொண்டு போகும். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாக்களை ஜிப் போட்ட பைக்குள் வைத்து, ஒருவர் எப்போதும் பைகளுக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். பாவம் என்று ஒரு பழம் போட்டாலும் அடுத்த முறை வருகிறவர்களை அவை சும்மா விடாது. நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. ஆனாலும் மலையடிகளில் கிடப்பது பெரும்பாலும் சிப்ஸ் கவரும் தண்ணீர் பாட்டிலும்தான். வாழையிலை, துணி, எவர்சில்வர் போதும். ஒரு காலி மஞ்சப்பை கூட வையுங்கள், எலுமிச்சைத் தோல், பழத்தோல் உட்பட எல்லாம் அதில் திரும்பி வரட்டும்.

இரவு வந்ததும் முதலில் தண்ணீர், குளியல், பிறகு ரசம் சாதமும் முட்டையோ பருப்போ. கிழிந்து களைத்த தசை அன்றிரவு தேறிக்கொள்ளப் புரதம் வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் தலைவலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, கார்த்திகையில் தம்பி மாலை போடப்போகிறார், அந்த மாதங்களில்தானே ஏறுவதற்கும் நல்ல பருவம், விரதத்தோடு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். தம்பிக்கென்று மேலே சொன்னதில் மீனும் கறியும் எங்கும் இல்லை, முட்டை ஒன்றுதான் நிற்கும். அதற்கு ஈடாகப் பொட்டுக்கடலை மாவு உருண்டையும் வறுத்த கொண்டைக்கடலையும் கூடுதலாக வையுங்கள். சுண்டல் வேண்டாம், அவித்த கடலை ஈரமானது, பத்து மணிக்கே பிசுபிசுத்துவிடும். பழையது ஆகாது என்பது உங்கள் வீட்டு நியமமானால் விடியற்காலையில் அரிசிக்கஞ்சியில் மோர் விட்டுக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காத புளிக்காய்ச்சல் எப்படியும் உங்கள் வீட்டில் இருக்கும். ஒரு வேளை மட்டும் உணவு என்று விரதம் கடுமையாக இருக்கும் நாட்களில் மட்டும் பாறைக்கு அனுப்பாதீர்கள். பசியில் தளரும் கை அவருடையது மட்டுமில்லை, இன்னொருவர் உயிருக்கான கயிற்றையும் அந்தக் கைதான் பிடித்திருக்கும். அதைச் சொன்னால் குருசாமியும் ஒப்புக்கொள்வார், தம்பியும் கேட்டுக்கொள்வார்.

பொரிவிளங்காய் பிடித்தால் பாகுப் பதம் சரியாக வந்ததா என்று எழுதுங்கள்.

அன்புடன்.